கோவிந்தம்மாவின் வியாழக்கிழமை

எங்கள் சங்கத்துக்கு மயிலை அண்டை அயல் சங்கம் என்று பெயர். பெயரைக் கேட்டால் என்னவோ பெரிய கட்டடம் இருப்பது போலத் தோன்றும். கச்சேரி ரோட்டில் ஒரு வக்கீல் வீட்டின் பின்புறம் குதிரைவண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. வக்கீல் மோட்டார் வாங்கியதும் எங்கள் பிரசிடெண்ட் அம்மாள் அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். வண்டியும் போயிற்று, குதிரையும் போயிற்று, குதிரை வாசனை மட்டும் எங்கள் பங்குக்கு வந்தது. அந்த வாசனையோடுதான் தர்மம் செய்துகொண்டிருந்தோம்.

தர்மம் என்ற வார்த்தையை அங்கே வேறு யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். சாந்தோம் கான்வென்டில் தையல் சொல்லித் தருகிற இந்த அந்தோணியம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். ஒத்தாசை வேண்டியவர்களிடம் போய், "உனக்கு ஒத்தாசை செய்யட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். தனியாகக் கிடப்பவரிடம் போய், "ஒரு சின்னப் பெண் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறாள், நீங்கள் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும்" என்போம். அந்தச் சின்னப் பெண்ணிடம் போய், "ஒரு அம்மா பேச ஆள் இல்லாமல் கிடக்கிறாள், உன் வீட்டில் வந்து கொஞ்ச நேரம் உட்காரட்டுமே" என்போம். இரண்டு பேருமே தாங்கள்தான் பெரிய மனசு பண்ணுவதாக நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் நிஜம்தானே. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிற அளவுக்கு அதில் பொய் ஒன்றும் இல்லை.

தேவானை அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்துப் பெண். பன்னிரண்டு வயசு இருக்கும். அவள் அம்மா கோவிந்தம்மா சாந்தோம் தெருக்களில் மீன் விற்றவள். அவள் குரல் தெருமுனையில் கேட்டதுமே எங்கள் வீட்டுப் பூனை எழுந்து வாசலுக்குப் போய்விடும், அப்படி ஒரு குரல். போன வருஷம் ஒரு காலையில் கூடையை இறக்கும்போதே சாய்ந்தாள். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நாக்கும் குழறிப்போயிற்று. அன்றிலிருந்து தேவானைதான் வீட்டில் எல்லாம். அம்மாவைத் துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், மாமன் பக்கிரி கொண்டுவந்து போடும் மீனைக் காய வைத்து விற்பாள். நான் போய்ச் சங்கத்தைப் பற்றிச் சொன்னபோது முறைத்தாள்.

"எங்கம்மாவ நான் பாத்துக்கினுதானே கீறேன். உன்ன யாரு கூப்ட்டது?"

"எனக்கு உன் அம்மாவைப் பற்றிக் கவலையில்லை" என்றேன். "மயிலாப்பூரில் ஒரு அம்மா தனியாக இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் கவலை."

"அது இன்னாத்துக்குத் தனியா கீது?"

"புருஷன் காசிக்குப் போனார். திரும்பி வரவில்லை."

தேவானை கருவாட்டை ஒரு தரம் புரட்டிப் போட்டாள். "எங்க நைனாகூட கடலுக்குப் போய்ட்டு வரல" என்றாள். பிறகு, "பாவம், வரச் சொல்லு. ஆனா ஒண்ணு. எங்கம்மாவுக்கு எதுனா ஆச்சு, அன்னியோட சரி. அப்பால நீ இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது" என்றாள்.

சரி என்று ஒப்புக்கொண்டுதான் வந்தேன்.

காசிக்குப் போனவரின் மனைவி பெயர் ஜலஜா. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமனார் விட்டுப்போன சின்ன வீட்டில் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் இருக்கிறாரா, சாமியாராகிவிட்டாரா, போயே போய்விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவளுக்கு வந்த வினை. நவராத்திரியில் கூப்பிட்டுக் குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்று அக்கம்பக்கத்தாருக்குத் தீர்மானமாகவில்லை. தீர்மானமாகாததால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். விதவையாயிருந்தால் அதற்கென்று நாலு பேர் வந்து உட்கார்ந்து அழுதாவது இருப்பார்கள். இவளுக்கு அதுவும் இல்லை. காலையில் பால்காரனோடு பேசினால் அடுத்த பேச்சு மறுநாள் பால்காரனோடுதான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

முதல் வியாழக்கிழமை ஜலஜா குப்பத்துக்கு வந்தபோது முந்தானை மூக்கிலேயே இருந்தது. கருவாட்டு வாசனை அவளைத் தூக்கி அடித்துவிட்டது. இவள் அடுத்த வாரம் வரமாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தேவானையோ, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீரை எப்படிச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும் என்று ஒரு டாக்டர் தோற்றுப்போகிற மாதிரி உத்தரவு போட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே என்னோடு கொட்டகைக்குப் புறப்பட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

"அவா பேசறது எனக்குப் பாதி புரியலே, நான் பேசறது அவாளுக்குப் பாதி புரியலே" என்றாள் ஜலஜா. "ஆனா பொழுது போனதே தெரியலே, போங்கோ."

கொட்டகையில் வியாழக்கிழமை மத்தியானம் தேவானையைப் போல ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். ஒருத்திக்குக் கண் தெரியாத அப்பா, ஒருத்திக்கு இருமலில் படுத்த அக்கா. அங்கே யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது ஏற்பாடு. சொல்வது சுலபம். வந்த முதல் நாள் தேவானை துடைப்பத்தைத் தேடிப் பிடித்துக் கொட்டகையைப் பெருக்கினாள். அடுத்த வாரம் சுண்டல் பாத்திரத்தைக் கழுவினாள். கை சும்மா இருக்கத் தெரியாமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கட்டம் போட்டுப் பாண்டி ஆடக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் மூலையில் சுருண்டு படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ஜாடையிலேயே பேசிக்கொண்டோம்.

அங்கே வருகிற ஒரே ஆண்பிள்ளை சங்கரன். தந்தி ஆபீசில் இருந்து பென்ஷன் வாங்கினவர், மனைவியை இழந்தவர், ஜலஜாவுக்கு மூன்றாம் வீடு. "இந்தப் பெண்களுக்குப் பேப்பர் படித்துக் காட்ட ஆள் இல்லை" என்று அவரிடமும் நம் பழைய தந்திரத்தைத்தான் போட்டிருந்தோம். அவரும் தவறாமல் வந்து, சீமைச் சமாசாரமெல்லாம் உரக்கப் படிப்பார். ஒரு பெண்ணும் கேட்காது. அவருக்கும் அதைப் பற்றிக் கவலை கிடையாது.

இப்படியே கார்த்திகை வரை ஓடியிருந்தால் சொல்லுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஐப்பசியிலேயே வந்தது வம்பு.

அந்த வியாழக்கிழமை காலையில் வெயில் அடித்தது. தேவானைக்கு மட்டும் மனசில்லை. கடல் சரியில்லை என்றாள். கோவிந்தம்மா இடக்கையை ஆட்டி, போ போ என்று துரத்தினாள். மத்தியானம் எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது வானம் ஒரேயடியாக இருண்டது. காற்றோடு மழை கொட்டியது. கொட்டகை ஓடுகள் தடதடத்தன. தேவானை எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மழை சற்று விட்டதும் புறப்படலாம் என்று நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது சங்கரன் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்து, குடை மேல்பக்கமாக மடங்கி, ஆனால் முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். நல்ல சேதி கொண்டுவருகிறவருடைய சிரிப்பு அது.

"தேவானை இருக்காளோ? பயப்படாதேம்மா. உங்கம்மா ஆத்துல இருக்கா."

தேவானை அவரையே பார்த்தாள்.

"ஜலஜாவும் கூடவே இருக்கா. ரெண்டு பேரும் ஆத்துலதான் இருக்கா. நீ ஒண்ணும் அவசரப்பட வேண்டாம், மழை விட்டப்புறம் நிதானமா வந்தாப் போதும்னு..."

மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. தேவானை தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூர் அக்கிரகாரத்து வீடுகளில் அகம் என்பது ஆம் ஆகி, அகத்தில் என்பது ஆத்துல ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக அவர்களோடு பழகுகிறேன், நானே சில சமயம் கேலியாக அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனாலும் நான் பிறந்தது கடற்கரையில். மழை கொட்டுகிறது, முகத்துவாரத்தில் குடிசை, அம்மா ஆத்துல இருக்கிறாள் என்று ஒருவர் சொல்கிறார். மாதாவே, எனக்கும் ஆறுதான் கண்ணில் தெரிந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு நானும் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடியதைச் சாந்தோமே நின்று வேடிக்கை பார்த்தது.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேட்டிலிருந்தே தெரிந்துவிட்டது. ஆறு கரையை விட்டு ஏறியிருந்தது. கோவிந்தம்மாவின் குடிசைக்குக் கூரையில் பாதி இல்லை. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கயிற்றுக் கட்டில் ஒரு பக்கமாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாரும் மழைக்குக் கோவிலண்டை போய் ஒதுங்கியிருந்தார்கள். தேவானை இடுப்பளவு ஆற்றில் நின்று, "எம்மா! எம்மோவ்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கிரியும் இன்னும் இரண்டு பேரும் கட்டுமரத்தை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுழலில் கட்டுமரம் இறக்குவது வேண்டுமென்றே சாவதற்குச் சமம். பக்கிரிக்கும் அது தெரியும். தெரிந்தும் தள்ளினான்.

பின்னால் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. சங்கரன் பாதி இறங்கியும் இறங்காமலும் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.

"ஆத்துல இல்லே! ஆத்துல இல்லே! ஆத்துல!"

பக்கிரி ஒரு விநாடி திரும்பிப் பார்த்துவிட்டு, கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மறுபடி தள்ளினான்.

"நான் சொல்றது கேக்கறதா? இந்த ஆத்துல இல்லே! ஜலஜா ஆத்துல!"

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. தண்ணீரில் போனவள் எப்படிச் சேதி சொல்லி அனுப்புவாள்? நிதானமாக வரச் சொல்லி வேறு!

"வீட்டுலடா பக்கிரி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஐயரம்மா வீட்டுல! அவங்க ஆத்துலன்னா வீட்டுலன்னு அர்த்தம்டா!"

கட்டுமரம் நின்றது. பக்கிரி மூச்சு வாங்கிக்கொண்டு சங்கரனை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா பேச்சு பேசறானுங்கோ இவனுங்கோ! ஊட்ட ஆறுன்னா, அப்போ ஆத்த இன்னான்னு சொல்வானுங்கோ?"

சங்கரன், "நான் சரியாத்தானே சொன்னேன்" என்று முணுமுணுத்தார். கூடவந்த இருவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கிரியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

தேவானை சிரிக்கவில்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"நான் சொன்னேன் இல்ல? எதுனா ஆச்சு, அன்னியோட சரின்னு?"

"அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, தேவானை."

"நான் இங்க இல்ல இல்ல? ஊடு பூந்துக்கினு தண்ணி வந்தப்போ நான் பாண்டி ஆடிக்கினு இருந்தேன். போதும். முடிஞ்சுது. இனிமேட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. கொட்டகை மூலையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய அந்தப் பெண்ணை இனிப் பார்க்கப்போவதில்லை என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் இன்னும் முறைப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

சங்கரன் ரிக்‌ஷாவை எங்களுக்கு விட்டுவிட்டு நடந்து வந்தார். வழியில் ரிக்‌ஷாக்காரர் கரீமுல்லா நடந்ததைச் சொன்னார். காற்றில் கூரை பிய்த்துக்கொண்டு போனதும் ஜலஜா மழையில் ரோட்டுக்கு ஓடிவந்து அவர் வண்டியை மறித்திருக்கிறாள். நோயாளியைத் தோளில் தாங்கி ஒரு பக்கம் அவள் தூக்க, ஒரு பக்கம் இவர் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கா என்று இவர் கேட்டதற்கு, "எங்காத்துக்கு" என்றாளாம். "நானும் ஆத்துக்கா, எதுக்கும்மா ஆத்துக்குன்னு கேட்டேன். அப்புறம் சந்துக்கு வழி சொல்லிச்சு" என்றார் கரீமுல்லா.

சந்துக்குள் நுழைந்தபோது எதிர்வரிசை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மீன்காரி ஒருத்தியை ஜலஜா கூடத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தால் சந்து சும்மா இருக்குமா? பிற்பாடு ஒரு நாள் அதைப் பற்றி அவளிடம் கேட்டேன். "இத்தனை நாளாக் கூப்பிடாதவா, இனிமே இன்னும் எப்படிக் கூப்பிடாம இருப்பா?" என்றாள். அவள் வாய் என் வாய்க்குக் குறைந்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கதவு திறந்திருந்தது. தேவானை வாசற்படியில் கால் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. குழறி, இழுத்து, நடுவில் நின்று நின்று வருகிற குரல். ஒரு பெரிய மனுஷர் வீட்டு அம்மாள், பூனைக்கு என்று சொல்லி வாராவாரம் கொல்லைக் கதவு வழியாக வஞ்சிர மீன் வாங்கின கதை. "அந்த... ஊட்ல..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "பூனையே... கெடையாது" என்று முடித்தது அந்தக் குரல். ஜலஜா சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும்.

"எங்கம்மாவா பேசறது?" என்றாள் தேவானை என்னிடம், தாழ்ந்த குரலில்.

எனக்கும் ஆச்சரியம்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். கோவிந்தம்மா வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். முகம் சுளிப்பதற்குள் தேவானை புரட்டிப் படுக்க வைத்துவிடுவாள். அப்படிப்பட்ட மகள் இருக்கும்போது பேச வேண்டிய அவசியம் என்ன? ஒரு வருஷமாக அந்த வீட்டில் வார்த்தை என்றால் தண்ணி, வலி, போதும், அவ்வளவுதான். வியாழக்கிழமை வந்தவளுக்கோ ஒன்றும் புரியாது. புரியாததால் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க இவளும் சொல்லியிருக்கிறாள்.

ஜலஜா எட்டிப் பார்த்தாள். "ஏண்டியம்மா வாசல்ல நிக்கறே, ஈரத்தோட? உள்ள வா."

தேவானை ஓடிப்போய் அம்மாவின் மேல் விழுந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். கோவிந்தம்மா ஜலஜாவின் உலர்ந்த புடவையைச் சுற்றிக்கொண்டு, மூன்று தலையணையில் சாய்ந்து சுகமாகத்தான் இருந்தாள். அழுது முடித்ததும் தேவானை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, போலாம். மாமா ஊட்ல இருந்துக்கலாம். இனிமேட்டு நான் உன்ன உட்டுட்டு எங்கயும் போவமாட்டேன். இந்தம்மாவும் வர வேணாம்."

ஜலஜா கையில் காபித் தம்ளரோடு நின்றிருந்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கிடந்த கோவிந்தம்மாவின் ஈரப்புடவையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

கோவிந்தம்மா இடக்கையை நீட்டித் தேவானையின் தாடையைப் பிடித்தாள்.

"நீ..."

"இன்னாம்மா? தண்ணியா?"

கோவிந்தம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"திருப்பணுமா? குளுருதா?"

"வாய... மூடு" என்றாள் கோவிந்தம்மா. "நான் பேசறேன்."

தேவானை வாயை மூடிக்கொண்டாள். வெளியே கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் வேர்த்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"நீ... போனாத்தான்டி... இந்தம்மா... வரும்."

தேவானை அம்மாவையும் ஜலஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜலஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் புடவையை உதறினாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். அவ்வளவு நாளும் தான் விட்டுவிட்டுப் போவதாக நினைத்த மத்தியானத்தை, அம்மா காத்திருந்து வாங்கிக்கொண்ட மத்தியானமாக மாற்றிப் போடுவது பன்னிரண்டு வயசுக்குச் சுலபமான வேலையா?

கடைசியில், "ஒரு நாள் போதுமா?" என்று கேட்டாள்.

கோவிந்தம்மா இடக்கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

எனக்கு மற்ற நாளெல்லாம் தையல் வகுப்பு. செவ்வாய்க்கிழமையை விட்டுத் தரச் சொல்லித் தலைமை சிஸ்டரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடியே, பிழிந்த புடவையின் இன்னொரு முனையைப் பிடித்து ஜலஜாவோடு கொடியில் போட்டேன்.